வீட்டுப் பெரியவர்களின் போனில் எழுத்தைப் பெரிதாக்குவோம்

"இது என்னன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று போனை நீட்டும் பெரியவர்கள் நம் வீடுகளில் அநேகம். 40 வயதைத் தாண்டியபின் கண்ணின் வில்லை நெகிழ்வை இழந்து, அருகிலுள்ள சிறு எழுத்து மங்குகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணாடி போட்டும் போனின் பொடி எழுத்து சிலருக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவரிடம் போனையே கொடுத்துவிடுகிறார்கள். வங்கியின் ஓ.டி.பி. எண்ணும் அதோடு போய்விடுகிறது. 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அதே செய்தியில் இருக்கும் எச்சரிக்கை, படிக்க வேண்டியவரின் கண்ணில் படுவதே இல்லை.

சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், டிஸ்ப்ளே பகுதியில் ஃபான்ட் சைஸைக் கூட்டுங்கள். போனுக்குப் போன் பெயர் சற்று மாறலாம். அருகிலேயே டிஸ்ப்ளே சைஸ் என்று ஒன்று இருக்கும். அது பொத்தான்களையும் சேர்த்துப் பெரிதாக்கும். விரல் நடுங்குபவர்களுக்கு நல்லது. வாட்ஸ்அப்பில் சாட்ஸ் பகுதியிலும் எழுத்தளவைத் தனியாகக் கூட்டலாம். ஐபோனில் டெக்ஸ்ட் சைஸ், போல்டு டெக்ஸ்ட் இரண்டும் உண்டு.

பாசத்தில் எழுத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரிக்கு இரண்டு சொல் நின்றால் படிப்பதே சலித்துவிடும். வாப்பாவையோ உம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் படிக்கச் சொல்லி அளவை முடிவு செய்யுங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பிள்ளைகளுக்கு அழகாகத் தெரியலாம். பெரியவர்கள் சிலருக்கு அதில் எழுத்து கலங்கித் தெரியும்.

அறிவிப்பு தயாரிக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூவேலைப்பாட்டின் நடுவே, பச்சை நிறத்தில் மஞ்சள் எழுத்தாக ஜனாஸா அறிவிப்பு வருகிறது. படமாக அனுப்பிய எழுத்து, போனில் எழுத்தளவைக் கூட்டினாலும் பெரிதாகாது. பார்வையற்றவர்களுக்குச் செய்தியை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதிக்கும் அது சரியாகப் பிடிபடாமல் போகலாம். படம் அனுப்பினாலும், பெயர், நேரம், இடம் மூன்றையும் கீழே எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவது கண் சிகிச்சை ஆகாது. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பார்வை திடீரென மங்கினாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ தள்ளிப்போடாமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.