நாக்கு மரத்தால் தூக்கம் வருமா?

காவாவை முதன்முறையாகக் குடிப்பவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கலங்கிய குட்டைத் தண்ணீரின் நிறம். மண்வாசனையும் மிளகுக் காரமும் கலந்த கசப்பு. ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளிப்பார். கொஞ்ச நேரத்தில் நாக்கால் உதட்டைத் துழாவிப் பார்ப்பார். பல் பிடுங்கிய அன்றைக்கு ஊசி போட்ட பக்கம் எப்படி இருக்குமோ அப்படி மரத்திருக்கும். இருபது முப்பது நிமிடம் போனால் தோள் தளரும், கடித்துப் பிடித்திருந்த தாடை இளகும், பேச்சு மெதுவாகும்.

இந்தத் தளர்ச்சியைத்தான் இன்று பொடியாகவும் மாத்திரையாகவும் சொட்டு மருந்தாகவும் 'இயற்கையான தூக்க மருந்து' என்று பல நாடுகளில் விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, தூக்கம் வராமல் புரளும் அப்பாவுக்கு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வருவது இந்தக் காலத்தில் பெரிய விஷயமில்லை. "வேர்தானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்ற சமாதானமும் கூடவே வரும். அந்த வேர் என்ன செய்யும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காஷ்மீரில் குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டுக் குடிக்கும் 'கஹ்வா' வேறு, இது வேறு. காவா பசிபிக் தீவுகளின் செடி. ஆனால் நமக்கு அந்நியக் குடும்பமும் இல்லை. மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றுக்கும் ஒன்றுவிட்ட உறவு. 1786இல் கியோர்க் ஃபோர்ஸ்டர் இதற்கு வைத்த தாவரவியல் பெயர் பைப்பர் மெதிஸ்டிகம். மயக்கம் தரும் மிளகு என்று பொருள்.

சட்டியைச் சுற்றி உட்காரும் ஊர்

பிஜியில் இதன் பெயர் யங்கோனா. பேச்சுவழக்கில் 'கிராக்'. டோங்காவிலும் வனுவாட்டுவிலும் காவா, ஹவாயில் 'அவா. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கப்பலேற்றினார்கள். பாரதி பாடியது அந்தத் தோட்டங்களைத்தான். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று வேலை முடிந்து வந்து முற்றத்தில் பாய் விரித்து கிராக் குடிக்கிறார்கள். கல்யாணம், சாவு, சும்மா ஒரு சனிக்கிழமை, எதற்கும் சட்டி வந்துவிடும்.

காய்ந்த வேரை இடித்த பொடியைத் துணியில் முடிந்து, தண்ணீரில் அமுக்கி, பிசைந்து பிசைந்து பிழிவார்கள். காய்ச்சுவதில்லை. சடங்கு என்றால் 'தனோவா' என்னும் கால் வைத்த மரச்சட்டி. வீட்டில் பிளாஸ்டிக் பேசின் போதும். ஒரே தேங்காய்ச் சிரட்டை கைமாறிக்கொண்டே இருக்கும். வாங்குபவர் குவித்த கையால் ஒரு தட்டு தட்டி, மொத்தத்தையும் ஒரே மூச்சில் குடித்து, மறுபடி மூன்று தட்டு தட்டுவார். சிரட்டையில் எவ்வளவு ஊற்றச் சொல்வது என்பதற்குத் தீவுக்காரர்கள் கடலையே துணைக்கு அழைக்கிறார்கள்: பாதி போதும் என்றால் 'லோ டைட்', நிறைய வேண்டும் என்றால் 'ஹை டைட்', வழிய வழிய வேண்டுமானால் 'சுனாமி'.

வனுவாட்டுவில் பழக்கம் கொஞ்சம் மாறும். சூரியன் சாயும் நேரத்தில் 'நகமால்' எனப்படும் காவாக் கொட்டகைக்குப் போவார்கள். வெளியே ஒரு விளக்கு எரிந்தால் இன்றைக்குச் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே மங்கல் வெளிச்சம், தாழ்ந்த குரல். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு அப்புறம்தான் சாப்பாடு.

இரண்டு இடத்திலும் அது மாலைக் கூட்டத்தின் பானம். படுக்கையில் கிடந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒற்றை மனிதருக்காக உருவானதில்லை. சொல்லப்போனால் பிஜியில் சட்டி காலியாக நள்ளிரவு தாண்டிவிடும். மறுநாள் காலை கண் செருகி, கை கால் ஓடாமல் வேலைக்கு வருபவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். தூக்கத்தைக் கெடுக்கும் காவாவும் அங்கே உண்டு.

உடலுக்குள் நடப்பது

வேரில் உள்ள காவாலாக்டோன் என்னும் சேர்மங்கள்தான் வேலை செய்கின்றன. முக்கியமானவை ஆறு. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதித்தூதுவனின் கையை இவை வலுப்படுத்துகின்றன. டாக்டர்கள் எழுதித்தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற மாத்திரைகளும் இதே காபா பாதையில்தான் போகின்றன, வேறு வாசல் வழியாக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாக்கு மரப்பதும் இந்தச் சேர்மங்களின் வேலைதான். வேர் நல்ல வீரியமானது என்று அதிலிருந்து ஊகிக்கலாமே தவிர, தூக்கம் வரும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

சரி, தூக்கம்?

பதற்றத்துக்குக் காவா ஓரளவு உதவுகிறது என்று பழைய சிறு ஆய்வுகள் சொல்லின. அவற்றைத் தொகுத்துப் பார்த்த 2003ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீடும் பலன் உண்டு, ஆனால் சிறியது என்றது. பிறகு ஆஸ்திரேலியாவில் பதற்றநோய் உள்ள 171 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. தண்ணீரில் எடுத்த காவாச் சாற்று மாத்திரை ஒரு பிரிவுக்கு, மருந்தே இல்லாத போலி மாத்திரை இன்னொரு பிரிவுக்கு. பதற்றம் குறைந்ததில் காவா போலி மாத்திரையை விஞ்சவில்லை. ஈரல் பரிசோதனையில் மாறுதல் மட்டும் காவா எடுத்தவர்களிடம் அதிகம் தெரிந்தது. தூக்கத்துக்கென்றே நடந்த ஆய்வுகள் இதைவிடச் சிறியவை; அவற்றை நம்பி ஒருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தூக்கம் வராதவர் எல்லோருக்கும் காரணம் ஒன்றில்லை என்பதும் இருக்கிறது. நாளெல்லாம் இறுகிய உடம்போடு படுக்கைக்குப் போகிறவருக்கு ஒரு சிரட்டை காவா இதமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுப்படாமல் இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறவருக்கு அது என்ன செய்யும்? குறட்டை விட்டு, மூச்சு நின்று, திணறி விழிக்கிறவர் மயக்கம் தரும் எதையும் தன்னிஷ்டத்துக்கு எடுப்பது ஆபத்து. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புத் தட்டி, மனம் கனத்துக் கிடப்பவருக்கு அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கக்கூடும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மருந்தில்லாத நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது என்று கேட்க அலுப்பாக இருக்கும். டப்பாவில் அடைத்து விற்க முடியாததால் அதற்கு விளம்பரமும் இல்லை.

ஈரல் விவகாரம்

1990களின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் காவா மாத்திரை எடுத்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்தது. சிலருக்கு ஈரலையே மாற்றவேண்டியதாயிற்று. 2002இல் ஜெர்மனி தடை விதித்தது. அதே ஆண்டு அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. பிரிட்டனில் 2003 ஜனவரி முதல் விற்பனைக்குத் தடை.

தீவுக்காரர்களுக்கு இது பெரிய அடி. தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோம், எங்கள் ஈரல் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பல பதில்கள் சொல்லப்பட்டன. தொழிற்சாலையில் தண்ணீருக்குப் பதில் அசிட்டோன், ஆல்கஹால் கொண்டு சாறு எடுத்தார்கள். விலை மலிவு என்று வேரோடு தண்டின் தோலையும் அரைத்தார்கள். அந்தத் தோலில் வேரில் இல்லாத ஆல்கலாய்டு உண்டு. நல்ல ரகத்தோடு 'டுடே' ரகத்தையும் கலந்தார்கள். 'டூ டே' என்பதன் தீவு உச்சரிப்பு அது. குடித்தால் மந்தம் இரண்டு நாள் விடாது என்பதால் வந்த பெயர். பாதிக்கப்பட்டவர்களில் சிலர் வேறு மருந்தும் மதுவும் எடுத்திருந்தார்கள். இவற்றில் எது முழுக்காரணம் என்று இன்னும் தீர்ந்தபாடில்லை. வனுவாட்டு 2002இலேயே காவாவுக்கென்று தனிச்சட்டம் போட்டு ரகங்களைப் பிரித்தது. ஜெர்மன் நீதிமன்றம் ஒன்று 2014இல் தடை சரியல்ல என்றது. வழக்காடல் அதோடும் ஓயவில்லை.

"தண்ணீரில் கரைத்தால் பயமே இல்லை" என்று விற்பவர்கள் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். நியூ கலிடோனியாவில் பாரம்பரிய முறையில் தண்ணீரில் கரைத்துக் குடித்தவர்களிடமும் ஈரல் அழற்சி பதிவாகியிருக்கிறது. அரிது. ஆனால் நமக்கு வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடையாது.

ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு, மீன் செதில்போல உரியும். பிஜியில் இதற்குக் 'கனிகனி' என்று பெயர். நிறுத்தினால் மெல்ல மாறிவிடும்.

இவற்றோடு சேர்க்கவேண்டாம்

பிஜியில் 'வாஷ்டவுன்' என்றொரு பழக்கம் உண்டு. கிராக் முடிந்ததும் அதைக் 'கழுவ' பீர். ஈரலுக்கு இதைவிடக் கெட்ட ஜோடி தேடவேண்டாம், மயக்கமும் இரட்டிப்பாகும். காபா வழியில் வேலை செய்யும் தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் காவா பக்கமே போகக்கூடாது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு மருந்தின் பலன் குறையலாம். அடிக்கடி பாராசிட்டமால் போடுகிறவர், கொழுப்பு ஈரல் அல்லது பி வகை மஞ்சள் காமாலை உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் எல்லோரும் இந்தப் பட்டியலில் அடக்கம். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் காவாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. தலை தெளிவாக இருப்பதாகத் தோன்றும். பிரேக்கை மிதிக்கும் கால் தாமதமாகத்தான் கேட்கும்.

அப்படியும் குடிப்பேன் என்பவருக்கு

ஈரல் நன்றாக இருக்கிறது, வேறு மருந்து இல்லை, இருக்கும் நாட்டில் சட்டமும் அனுமதிக்கிறது என்றால் உங்கள் விருப்பம். பாக்கெட்டில் வேர் மட்டும் என்று எழுதியிருக்கிறதா, 'நோபிள்' ரகமா, எந்தத் தீவிலிருந்து வந்தது என்று பாருங்கள். எதுவும் எழுதாத பொடியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அளவோடு குடியுங்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் அளவு எது? காய்ந்த வேரில் காவாலாக்டோன் 3 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ஒரு பொடியில் ஒரு கரண்டி செய்வதை இன்னொன்றில் ஆறு கரண்டியும் செய்யாது. மாத்திரைகளுக்கு ஆஸ்திரேலிய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் காவாலாக்டோன். சட்டியில் பிழியும்போது அந்தக் கணக்கெல்லாம் கைக்கு வராது. ஆகவே தினசரி வழக்கமாக்காதீர்கள். தொடங்கும் முன் ஒரு ஈரல் பரிசோதனை, சில வாரம் கழித்து இன்னொன்று. வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் குடிப்பது தெரிந்திருக்கட்டும்.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், கண்ணின் வெள்ளை மஞ்சளித்தால், மலம் வெளுத்தால், காரணமில்லாமல் உடம்பு அரித்தால், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். போகும்போது பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது காவா நம் வாயில் வராது, ஏனென்றால் நாம் அதை மருந்தாகவே எண்ணியிருக்க மாட்டோம்.