தொட்டிலை அவிழ்க்கும் நாள்

– நமது திருவனந்தபுரம் நிருபர் –

தொட்டிலில் கிடந்தபோதே நாட்டுக்கு உரிமை பெற்ற அரசர் ஒருவர் இந்த நகரில் இருந்தார். அவர்தான் சுவாதித் திருநாள். 1813-ம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த அக்குழந்தைக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டு, மலையாளிகள் வீடு, தமிழர் வீடு என்ற வேற்றுமை இல்லாமல் இன்றும் பாடப்படுகிறது. குழந்தை வளரும் வரை அன்னை கௌரி லட்சுமி பாயும், அவர் மறைவுக்குப் பின் சிற்றன்னை கௌரி பார்வதி பாயும் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினர். 1829-ல் அரசர் தாமே பொறுப்பேற்றார். தொட்டிலிலிருந்து அரசுகட்டிலுக்கு வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

நம் வீட்டு ராஜாக்களும் ராணிகளும் அவ்வளவு காலம் பொறுத்திருக்க மாட்டார்கள். ஒன்றரை வயதுக்குள்ளேயே தொட்டிலுக்கு வெளியே காலைப் போட்டு விடுகிறார்கள். அப்போது என்ன செய்வது என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதில் உயிர்ப் பிரச்சினையே அடங்கியிருக்கிறது.

போடுவதற்குச் சடங்கு உண்டு

தொட்டில், கட்டில் இரண்டும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொற்கள்தான். பழக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நம்மவர்கள் நல்ல நாள் பார்த்துக் குழந்தையைத் தொட்டிலில் இடுகிறார்கள். தாய்மாமன் சீர் வருகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பாடுகிறார்கள். மலையாளிகள் வீட்டில் இருபத்தெட்டாம் நாள் அரைநாண் கட்டி, பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள்.

தொட்டிலில் இடுவதற்கு இத்தனை ஏற்பாடு செய்கிற நாம், இறக்குவதற்கு நாள் எதுவும் குறிப்பதில்லை. துணி கிழிந்தாலோ, அடுத்த குழந்தை பிறந்தாலோ, இருக்கிற குழந்தை கீழே விழுந்தாலோதான் அந்த எண்ணமே வருகிறது. பல வீடுகளில் குழந்தை விழுந்த நாளே தொட்டிலை விட்ட நாளாக அமைந்துவிடுகிறது.

நம் புலவர்கள் இதில் கணக்காகவே இருந்தார்கள். பிள்ளைத்தமிழில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். மூன்றாவதாக வருவது தாலப் பருவம். அதுதான் தாலாட்டுக் காலம். ஆறாவது வாரானை, அதாவது, தளர்நடை போடும் குழந்தையை ‘வா’ என்று அழைக்கும் காலம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவமாக ஊசல், அதாவது ஊஞ்சல், வருகிறது. தாலுக்கும் ஊசலுக்கும் நடுவே ஆறு பருவங்கள். தொட்டில் வேறு, ஊஞ்சல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இந்த வேற்றுமையை மறந்த வீடுகளில் என்ன நேர்கிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

எப்போது இறக்குவது?

சேலையில் கட்டும் தூளிக்கும், நான்கு பக்கமும் சட்டம் வைத்த மரத் தொட்டிலுக்கும் கணக்கு வேறு. தூளியில் கிடக்கும் குழந்தை தானே புரண்டு, விளிம்பைப் பிடித்து எழ முயலும்போதே தூளியின் காலம் முடிந்தது என்று கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் ஒரு வயதுக்கு முன்பே வந்துவிடும். பச்சிளங் குழந்தைக்கும் தூளியில் ஓர் ஆபத்து உண்டு. துணி குழிந்து, முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும். குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாந்து கிடத்தித் தூங்க வைப்பதே நல்லது என்பது மருத்துவர்களின் முடிவு.

சட்டத் தொட்டிலில், குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் மெத்தையை அடித்தட்டுக்கு இறக்க வேண்டும். உயரம் 35 அங்குலத்தை எட்டினால் தொட்டிலை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள். அதற்கு முன்பே ஏறிக் குதிக்க முயன்றால், உயரத்தைப் பார்க்கத் தேவையில்லை, இறக்கிவிட வேண்டியதுதான். வளைகுடாவில் இருக்கும் உறவினர் கொடுத்த பழைய தொட்டிலாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்கள், குழந்தைகள் இடையில் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011-ல் தடை செய்யப்பட்டன.

கட்டிலைவிடப் பாய் மேல்

தொட்டிலை விட்டதும் உயரமான கட்டிலுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் முன்னோர் தரையில் விரித்த பாய்க்கு ஈடாக எந்தக் கட்டிலும் இல்லை. பாயிலிருந்து யாரும் விழுவதில்லை. முதல் சில வாரங்கள் பாயிலோ, தரையில் போட்ட மெத்தையிலோ படுக்க வைத்துப் பழக்கலாம். கட்டில்தான் என்றால் தாழ்வான கட்டிலாக இருக்கட்டும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தையின் தலை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. ஜன்னல் ஓரத்தில் போட வேண்டாம்.

இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தம்பியோ தங்கையோ வந்த அன்றே மூத்ததைத் தொட்டிலிலிருந்து இறக்கினால், தன் இடத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்று அந்தப் பிஞ்சு மனம் ஏங்கும். இரண்டு மாதத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பிறந்து சில மாதம் கழித்து மாற்றுங்கள். பழைய போர்வை, பழைய பொம்மை, பழைய தாலாட்டு மூன்றையும் புதிய படுக்கைக்குக் கொண்டுவாருங்கள். சில நாள் எழுந்து எழுந்து உங்களிடம் ஓடி வரும். கோபிக்காமல் கூட்டிச் சென்று மறுபடி படுக்க வைத்தால் பழகிவிடும்.

இனி இரவில் தானே இறங்கி நடக்கும் குழந்தை அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்த ஊர் வீடுகளில் அடுக்களையை ஒட்டியே கிணறு இருப்பது வழக்கம். கிணற்றுக்கு மூடியோ கம்பி வலையோ போடாமலும், பின்கதவுக்குக் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ் வைக்காமலும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து இறக்காதீர்கள். குளியலறையில் தண்ணீர் நிறைந்த வாளியும் கிணறுதான்.

ரயிலிலும் தூளி

சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஓடும் ரயில்களில், மேல் பர்த்திலிருந்து சேலையைத் தொங்கவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்மார்களைப் பார்க்கலாம். வண்டி திடீரென்று பிரேக் போட்டால் தூளி எதில் மோதும் என்று சொல்ல முடியாது. கீழ் பர்த்தில், சுவர்ப் பக்கமாகக் குழந்தையைக் கிடத்தி, தாய் வெளிப்பக்கம் படுப்பதே பாதுகாப்பு. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ் பர்த்துடன் மடக்கி விரிக்கும் சிறு குழந்தை பர்த்தைச் சோதனையாகப் பொருத்தினார்கள். ஒரே பர்த்தில் ஒடுங்கிப் படுக்கும் தாய்மார்களின் சிரமம் அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

வெறும் தொட்டில்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். குழந்தை தொட்டிலை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் சேலை? அது உத்தரத்துக் கொக்கியில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். மத்தியானம் கண்ணயர இன்னும் வேண்டியிருக்கும் என்றோ, நாளைக்கு அவிழ்க்கலாம் என்றோ விட்டுவிடுகிறோம்.

‘சேலைத் தொட்டிலில் விளையாடிய சிறுமி கழுத்து இறுகிச் சாவு’ என்ற செய்தியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்தச் செய்திகளில் இறப்பவர் பெரும்பாலும் தொட்டிலுக்கு உரிய கைக்குழந்தை அல்ல. பள்ளிக்குச் செல்லும் அக்காளோ அண்ணனோதான். பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள். தம்பியின் தூளி ஊஞ்சலாகிவிடும். உட்கார்ந்து சுற்றச் சுற்றச் சேலை கயிறுபோல முறுக்கேறும். வழுக்கி இறங்கும்போது கழுத்து அதில் சிக்கும். கால் தரைக்கு எட்டாது. தொண்டை நெரிபடுவதால் கூச்சலும் எழாது. நினைவு தப்பச் சில நொடி போதும். உயிர் போகச் சில நிமிடம் போதும். அடுத்த அறையில் ஆள் இருந்தாலும் தெரியாது.

‘வெறும் தொட்டிலை ஆட்டாதேடி’ என்று பாட்டிமார் அதட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டோம். அவர்கள் எதை நினைத்துச் சொன்னார்களோ, அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை வெறும் தூளியில் ஏறியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

எனவே தாய்மார்கள் செய்ய வேண்டியவை இவை. குழந்தை பாயில் படுக்கத் தொடங்கிய அன்றே சேலையை அவிழ்த்து, மடித்துப் பெட்டியில் வையுங்கள். கொக்கியில் கயிறும் தொங்கக் கூடாது. கைக்குழந்தை இன்னும் தூளியில்தான் என்றால், அது எழுந்ததும் சேலையைச் சுருட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் முடிந்து வையுங்கள். துணியை அகட்டி வைக்கும் குறுக்குக் கட்டை இல்லாமல் தூளி கட்டாதீர்கள். பெரிய பிள்ளைகளிடம் தம்பியை ஆட்டச் சொல்லிவிட்டு வெளியே போகாதீர்கள். ஊஞ்சல் ஆசைக்குப் பலகை ஊஞ்சல் இருக்கிறது. அதையும் பெரியவர் கண்ணெதிரே ஆடட்டும்.

தப்பித் தவறி நேர்ந்துவிட்டால், உடலைத் தாங்கித் தூக்கிப் பிடித்துத் துணியைத் தளர்த்துங்கள், முடியாவிட்டால் அறுத்துவிடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

தொட்டில் போடும் நாளில் பாயசம் வைக்கிறோம். அவிழ்க்கும் நாளிலும் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தால் தப்பில்லை. குழந்தை வளர்ந்த நாள் அது. மூத்த பிள்ளையையே அழைத்து முடிச்சை அவிழ்க்கச் சொல்லுங்கள். அது இனி ஊஞ்சல் அல்ல, அம்மாவின் பழைய சேலை என்பது அந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.