கூடாரம் அடித்தால் மட்டும் கிளாம்பிங் ஆகிவிடுமா?

பொத்துவில், அறுகம்பை பக்கமாகக் காணி வைத்திருக்கும் எமது வர்த்தகர்கள் பலரும் ‘கிளாம்பிங்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கட்டடம் கட்டத் தேவையில்லை, நாலைந்து கூடாரங்களை அடித்துவிட்டு உல்லாசப் பயணிகளிடம் ஹோட்டல் வாடகையை அறவிடலாம் என்ற எண்ணத்தில் முதலீட்டில் இறங்க நினைப்பவர்களும் உண்டு. அதற்கு முன்னர் சாதாரண கேம்பிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்வது அவசியமாகும். ஒரே சாமானை மலிவாகவும் விலைகூட்டியும் விற்பது போன்றதல்ல இது. இரண்டும் வெவ்வேறு வியாபாரங்கள்.

‘கிளமரஸ்’, ‘கேம்பிங்’ ஆகிய இரு சொற்களும் சேர்ந்து உருவானதே கிளாம்பிங். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 2016ஆம் ஆண்டிலேயே இதனைச் சேர்த்துக்கொண்டது. சொல்தான் புதிது, விடயம் பழையது. மொகலாயப் பேரரசர்கள் பயணம் செல்லும்போது இரண்டு தொகுதிக் கூடாரங்களை வைத்திருந்தனர். ஒன்றில் தங்கியிருக்கும்போதே மற்றையது அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டி அனுப்பப்பட்டுவிடும். அரசர் போய்ச் சேரும்போது எல்லாம் தயாராக இருக்கும். கிளாம்பிங் என்பதும் இதுவே. வருகிறவர் கயிறு கட்டுவதுமில்லை, முளை அடிப்பதுமில்லை.

கேம்பிங் இதற்கு நேர்மாறானது. ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முகாமிடங்களில் தங்குகின்ற ஒருவர் இடத்துக்குத்தான் பணம் செலுத்துகின்றார். கூடாரம், படுக்கை, டோர்ச், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அவருடைய முதுகில் வருகின்றன. இருவர் படுக்கக்கூடிய பொலியெஸ்டர் கூடாரத்தின் நிறை இரண்டு, மூன்று கிலோதான். இரவில் மழை ஒழுகினால் அவர் வானத்தைத் திட்டுவார், காணிக்காரரைத் திட்டமாட்டார். இங்கு வியாபாரம் என்பது சாமான் விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும்தான். புறக்கோட்டை வியாபாரிகளுக்கு இது நன்கு பழக்கப்பட்ட துறையாகும்.

கிளாம்பிங்கில் விருந்தாளி வாங்குவது ஓர் அறையை. அதன் சுவர் துணியாக இருக்கிறது, அவ்வளவுதான். யால அருகே 2017இல் திறக்கப்பட்ட ‘வைல்ட் கோஸ்ட் டென்டட் லொட்ஜ்’, கண்டிப் பக்கம் மடுல்கலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் அமைந்துள்ள கூடார விடுதி போன்றவை எமது நாட்டிலுள்ள உதாரணங்கள். முறையான கட்டில், தனியான குளியலறை, மின்சாரம், சுடுநீர், வேளாவேளைக்குச் சாப்பாடு என்பன அங்கு எதிர்பார்க்கப்படுகின்றன. இங்கே மழை ஒழுகினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலைமை ஏற்படும்.

இத்துறையில் அதிகமாகப் பாவிக்கப்படும் மணி வடிவக் கன்வஸ் கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து மீற்றர் விட்டமுள்ளது ஏறத்தாழ 210 சதுர அடி இடத்தைத் தரும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், இரட்டைக் கட்டில் போடலாம். ஆனால் மலைநாட்டில் சுகமாக இருக்கும் அதே கூடாரம் கிழக்குக் கரையில் காலை எட்டு மணிக்கே போறணையாகிவிடும். மர நிழல், மேலே இடைவெளி விட்டு இரண்டாவது கூரை, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தளம் ஆகியவை இல்லாமல் அங்கு கூடாரம் அடிப்பது வீண் செலவாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, கூடாரம், தளம், தளபாடம், குளியலறை எல்லாவற்றுக்கும் 12 இலட்சம் ரூபா செலவாகிறது என்றும், நான்கு வருடத்தில் அதனை மீட்கவேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 இலட்சம். அறுகம்பையின் பருவகாலம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, சுமார் 150 இரவுகள். அதில் பாதி நிரம்பினால் 75 இரவுகள். ஆக, ஓர் இரவுக்கு 4,000 ரூபா முதலுக்கே போய்விடும். சம்பளம், மின்சாரம், சலவை, சாப்பாடு, இணையத்தில் பதிவு செய்து தரும் நிறுவனங்களின் தரகு எல்லாம் அதற்கு மேல்தான். சீமெந்துக் கட்டடம் பருவகாலம் முடிந்தாலும் நிற்கும். கன்வஸ் அப்படியல்ல. நவம்பரில் வடகீழ் பருவமழை பிடிப்பதற்கு முன் அதனைக் கழற்றி, நன்றாகக் காயவைத்து, உலர்ந்த களஞ்சியத்தில் வைக்கவேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து அடுத்த வருடத்துக்கு உதவாது. படங்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

துணிக்கூடாரம்தானே, அனுமதி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பணம் வாங்கித் தங்கவைத்தால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யவேண்டும். உள்ளூராட்சி சபையிடமும் விசாரிக்கவேண்டும். கரையோர வலயம் என்பது உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை நீள்வதால், கடற்கரைக் காணிகளில் மலசலகூடக் குழி, தளம் போன்ற வேலைகளைத் தொடங்குமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் செல்லவேண்டியிருக்கும்.

தீ விடயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 1997இல் மினாவில் ஏற்பட்ட தீயில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஹாஜிகள் வபாத்தானார்கள். அதன் பின்னரே அங்கு தீப்பற்றாத கண்ணாடியிழைக் கூடாரங்கள் வந்தன. கூடாரம் இறக்குமதி செய்யும்போது தீத்தடுப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே மெழுகுதிரியோ காஸ் அடுப்போ வைக்க இடமளிக்காதீர்கள்.

எமது சமூகத்தவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. அல்-உலா, ஓமான் பாலைவனம் போன்ற இடங்களில் கூடார விடுதிகளில் தங்கிப் பழகிய அரபுக் குடும்பங்களும், உள்ளூர் முஸ்லிம் குடும்பங்களும் தேடுவது பெரிய ஆடம்பரத்தையல்ல. பக்கத்துக் கூடாரத்திலிருந்து பார்வை படாத அமைப்பு, தனியான குளியலறை, வுழூ செய்ய வசதி, கிப்லா அடையாளம், நம்பிக்கையான ஹலால் சமையல் ஆகியன இருந்தால் போதும். இவற்றுக்கு ஆகும் மேலதிகச் செலவு மிகக் குறைவு.

காணி மாத்திரம் இருந்து கையில் முதல் இல்லாதவர்கள் வட்டிக் கடனில் கிளாம்பிங் தொடங்குவதைவிட, முதல் இரண்டு பருவகாலத்துக்கு அந்தக் காணியைக் கேம்பிங் இடமாக நடத்திப் பார்க்கலாம். மட்டப்படுத்திய நிலம், சுத்தமான மலசலகூடம், நல்ல தண்ணீர், இரவுக் காவலாளி இருந்தால் கூடாரத்துக்கு இவ்வளவு என்று அறவிடலாம். எந்த மாதத்தில் யார் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னர் பங்குதாரர் ஒருவரை முளாரபா அடிப்படையில் சேர்ப்பதாயின், அவர் முதலில் பார்க்கக் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.