விறகு அடுக்கில் ஒரு சாரை

கொல்லையில் விறகு அடுக்கிய மூலையில் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு. உடனே கை கம்பைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள், அது சாரையாக இருக்கலாம். சாரைக்கு விஷம் கிடையாது. அது வந்தது உங்களைத் தேடி அல்ல, எலியைத் தேடி. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுப்பது நான்கு பாம்புகளிடம்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அந்தப் பட்டியலில் சாரை இல்லை.

பாவம், அதன் மேல் எத்தனை பழி! மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்குமாம். பாலை உறிஞ்ச அதன் வாய்க்கு வழியே இல்லை. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து நிமிர்ந்து ஆடினால், நல்ல பாம்பும் சாரையும் சேருகின்றன என்பார்கள். பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள், நடப்பது மல்யுத்தம். எதிரியின் தலையைத் தரையில் அமுக்குவதுதான் போட்டி.

சரி, எந்தப் பாம்பென்று தெரியவில்லையா? கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று, அது எங்கே நுழைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அப்புறம், ராத்திரி மிச்சச் சோற்றைக் கொல்லையில் கொட்டாதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பும் வரும்.