யூரியா கூடினால் அசுவினியும் கூடும்



நீலகிரியில் உருளைக்கிழங்கு போடும் நம் உறுப்பினர்கள் பலர் குழுக் கடன் வாங்கித்தான் விதையும் உரமும் வாங்குகிறோம். "இலை கரும்பச்சையா இருந்தாத்தான் கிழங்கு நல்லா பிடிக்கும், இன்னும் ரெண்டு கை யூரியா போடு" என்று யாராவது சொன்னால் போட்டுவிடுகிறோம். பிறகு இலையடியில் அசுவினி மொய்க்கிறது, மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் அப்படி?

யூரியாவில் இருப்பது தழைச்சத்து. பயிருக்கு அது கட்டாயம் வேணும். ஆனால் தேவைக்கு மேல் போட்டால் செடி அதை முழுசாகப் பயன்படுத்த முடியாது. மிச்சம் அமினோ அமிலங்களாகச் சாற்றில் தங்கிவிடும். இலையும் தண்டும் மெத்தென்று இளசாக இருக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிக்கு இது விருந்துச் சாப்பாடு. பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போடத் தொடங்கும். சாறு சத்தாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நஷ்டம் எங்கே?

சாறு போவது சின்ன நஷ்டம்தான். அசுவினி ஒரு செடியில் இருந்து இன்னொரு செடிக்கு இலைச்சுருள் நோயின் நச்சுயிரியைக் கொண்டுபோகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நச்சுயிரி கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். அதையே விதைக்கு எடுத்து வைத்தால் அடுத்த போகத்தில் செடி நோயோடுதான் முளைக்கும். குட்டையாக நிற்கும், மகசூல் குறையும். இதோடு, தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே வளர்ந்து கிழங்கு பிடிப்பதும் தள்ளிப்போகும். கடன் தவணை மட்டும் தள்ளிப்போகாது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மலைப்பகுதி உருளைக்கிழங்குக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. அதாவது ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இரண்டு மூட்டை போட்டால் 18 கிலோ வந்துவிடும். மீதி 30 கிலோவுக்கு 65 கிலோ யூரியா போதும். 45 கிலோ மூட்டையில் ஒன்றரைக்கும் கொஞ்சம் குறைவு. டி.ஏ.பி.யைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 104 கிலோ யூரியா போட்டுவிடுவோம்!

நாம் செய்ய வேண்டியவை

• மண் பரிசோதனை செய்து, அதன்படி உரம் போடுவோம். தொழு உரத்திலும் தழைச்சத்து உண்டு.

• தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை 30 நாளுக்குப் பிறகு பிரித்தும் கொடுப்போம்.

• வாரம் ஒருமுறை பத்துச் செடியின் இலையைத் திருப்பிப் பார்ப்போம். செடியில் எறும்பு ஏறினாலும், இலை பிசுபிசுத்தாலும் அசுவினி இருக்கலாம்.

• மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் இறக்கை முளைத்த அசுவினி வருவது முன்கூட்டியே தெரியும்.

• பொறிவண்டு அசுவினியைத் தின்னும். அதைப் பார்த்தால் அவசரப்பட்டு மருந்து அடிக்க வேண்டாம்.

• இலை சுருண்ட செடியின் கிழங்கை விதைக்கு வைக்கவே கூடாது.

களை எடுப்பதும் மண் அணைப்பதும் நம் கைதான். இலையடியை முதலில் பார்ப்பதும் நாம்தான். அதனால் உரம் எவ்வளவு என்று முடிவு செய்யும்போதும் நாம் வாய் திறந்து பேச வேண்டும். போன போகத்தில் போட்ட உரக் கணக்கை நோட்டில் எழுதி அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேர்ந்தே கணக்குப் பார்ப்போம்.