பங்குனியில் பூக்க வேண்டுமா? கார்த்திகையில் கத்தரியை எடுங்கள்!

பங்குனி பிறந்துவிட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு ஒரே வேலைதான். சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். குண்டு மல்லி மொட்டெல்லாம் வெள்ளை வெளேரென்று திரண்டு நிற்கும். பறித்து, திண்ணையில் உட்கார்ந்து நாலு முழம் தொடுத்து முடிப்பதற்குள் வீடெல்லாம் மணம். சாமிக்கு ஒரு முழம், பெண்ணுக்கு ஒரு முழம், எனக்கு ஒன்று, யாராவது வந்தால் கொடுக்க ஒன்று.

"உங்களுக்கென்ன, மதுரைப் பக்கம். மல்லிகை தானாகவே வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் வீட்டைச் சுற்றி உள்ள மண் எவ்வளவு தெரியுமா? முன்னால் ஆறடி, பக்கவாட்டில் மூன்றடி. அவ்வளவே! அதில்தான் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பூப்பறித்துக்கொண்டிருக்கிறேன். வருஷா வருஷம் விதை வாங்கி விதைக்கிற செடிகள் எனக்குச் சரிப்பட்டு வருவதில்லை. ஒருதரம் வைத்தால் பல வருஷம் கூடவே இருக்கிற மல்லிகை, பிச்சி, முல்லை, செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப் பூ - இவைதான் குடும்பப் பெண்களுக்கு ஏற்றவை.

அத்தை எடுத்த அரிவாள்

கல்யாணமாகி வந்த வருஷம் நடந்தது இது. கார்த்திகை மாதம் ஒருநாள் காலையில், என் மாமியார் அரிவாளோடு போய்ப் பச்சைப் பசேலென்று இருந்த மல்லிகைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் அத்தை, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"தழையப் பாத்து மயங்காதே. பழைய கொம்புல பூக்காது. புதுத் துளிருலதான் மொட்டு வரும். பங்குனியில வந்து கேளு" என்றார்.

பங்குனியில் கேட்கவே இல்லை. கூடைதான் போதவில்லை!

அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குண்டு மல்லியைக் கார்த்திகையிலும், பிச்சியை மார்கழியிலும், முல்லையைத் தையிலும் கவாத்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோய் பிடித்த கிளை, உள்பக்கமாகக் குறுக்கே ஓடுகிற கொம்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீதி இலைகளையும் உருவிவிடலாம். வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, நன்றாக மக்கிய சாணி எரு இரண்டு சட்டி போட்டு, தண்ணீர் விடுங்கள். பச்சைச் சாணியைப் போட்டால் வேர் வெந்துவிடும், ஜாக்கிரதை.

புதிதாக வைப்பவர்கள் ஆனியிலிருந்து ஐப்பசிக்குள், மழையை ஒட்டி வைத்தால் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க நல்ல வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். செடிக்குச் செடி நாலடி இடைவெளி விடுங்கள். மண்ணே இல்லாத வீடா? மொட்டைமாடியில் ஒரு பெரிய தொட்டியில் ஒரு மல்லிகைச் செடி தாராளமாக வளரும்.

வைத்தியம் வீட்டிலேயே

மல்லிகை இலை, நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளித்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை மேல் தெளியுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

மொட்டில் சின்ன ஓட்டை இருக்கிறதா? உள்ளே புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். கீழே போட்டால் மறுபடி கிளம்பும்.

செம்பருத்தியில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தொடர்ந்து.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலம்பிய தண்ணீர் எல்லாம் செடிக்கே. டீத்தூளைச் சர்க்கரை போக அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

ஒன்று முக்கியம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு சாக்கடையில் அல்ல, இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது என் மகனின் வேலை.

நான் செய்த தப்பு

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கைக்குழந்தை, தவழும் குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

எங்கள் வேலி ஓரத்தில் மஞ்சள் அரளி இருந்தது. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாடாது, தினமும் சாமிக்குப் பூ. அடுத்த தெருவில் புதிதாக வீடு கட்டி வந்த பெண் கேட்டாள் என்று நான்தான் கன்று எடுத்துக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் போன். "அக்கா, பாப்பா அரளிக் காயைக் கடிச்சிட்டா. வாயெல்லாம் பாலா இருக்கு. என்ன செய்யட்டும்?" என்று அழுகிறாள். பாப்பாவுக்கு இரண்டரை வயசு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயப்படாதே, வாயைக் கழுவி மோர் கொடு. சரியாப் போயிடும்" என்றேன். அந்தப் பெண்ணும் என் பேச்சை நம்பி அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். குழந்தை இரண்டுதரம் வாந்தி எடுத்துத் துவண்டபிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"இது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கிற விஷம். ஏன் உடனே வரவில்லை?" என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். மூன்று நாள் வார்டில் வைத்து ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குழந்தை பிழைத்தது. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மஞ்சள் அரளியானாலும் சிவப்பு அரளியானாலும் இலை, பூ, காய், பட்டை, பால் எல்லாமே விஷம். மஞ்சள் அரளியின் விதை ரொம்பவும் மோசம். குழந்தை கடித்துவிட்டால் வாயில் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மோர், புளித்தண்ணீர் என்று நேரத்தை வீணாக்காதீர்கள். குழந்தை நன்றாக விளையாடினாலும் காட்டியே ஆக வேண்டும். கடித்த காயையோ இலையையோ கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும்.

ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை, நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு - இவையும் விஷம்தான். அழகாக இருக்கிறதே என்று குழந்தை உள்ள வீட்டில் வைக்க வேண்டாம். நந்தியாவட்டைப் பூச்சாற்றைக் கண்ணில் பிழிகிற பழக்கமும் வேண்டாம். பூ சாமிக்கு, கண்ணுக்கு டாக்டர்.

இப்போது வேலியில்

மறுவாரமே நானும் என் வீட்டுக்காரரும் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு வீட்டு அரளியையும் வேரோடு எடுத்தோம். அந்தக் குச்சியை அடுப்பிலோ குப்பையிலோ எரிக்கக் கூடாது. புகையும் ஆகாது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த இடத்தில் அவள் வீட்டில் செம்பருத்தி, எங்கள் வீட்டில் இட்லிப் பூ.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. போன கார்த்திகையில் அவளே வந்து, "அக்கா, என் மல்லிகையை நீங்கதான் வெட்டித் தரணும்" என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். பாப்பா பக்கத்தில் நின்று, "ஏன் பெரியம்மா வெட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"பங்குனியில் வந்து கேளு" என்றேன்.

இந்தப் பங்குனியில் அவளே ஒரு கிண்ணம் மொட்டு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.