பாறையில் ஊறும் தீர்த்தம்

திருப்பரங்குன்றத்தில் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. அவர் திருக்கரத்து வேலுக்கே அபிஷேகம் நடைபெறுகிறது. முருகப்பெருமான் தனியே வார்த்தோ வடித்தோ பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தி அல்லர். மலைப்பாறையிலேயே புடைப்புருவாக எழுந்தருளியவர். கல்லின் இயல்பு வழிபாட்டு முறையையே வகுத்திருக்கிறது.

மதுரையைச் சூழ்ந்த இக்குன்றுகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறைகள். மேலிருந்த மென்மையானவை வெயிலிலும் மழையிலும் தேய்ந்து மறைய, கடினமானவை நிமிர்ந்து நின்றன. ஆனைமலை நரசிங்கப் பெருமாளின் குடைவரையை அமைத்தவர் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி. பணி நிறைவுறுமுன் அவர் மறைய, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவேற்றியதை கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

சிற்பிக்கு உகந்த இப்பாறை உழவருக்குக் கடுமையானது. நீரை உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளாது. விரிசல்களில் மட்டுமே நீர் ஊடுருவும். ஒரு கிணற்றில் நீர் பொங்க, அடுத்த கிணற்றில் வெறும் பாறை தட்டுவது இதனால்தான். வைகையும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. சரிவில் வழியும் மழைநீரை அடிவாரத்தில் மறித்த கண்மாய்களே ஊர்களைக் காத்தன. விரிசல்களில் இறங்கிய நீரோ சிறிது சிறிதாகக் கசிந்து சுனையாகிறது. அழகர்மலையின் நூபுர கங்கை அத்தகையதே. பிற நீர் பட்டால் அழகரின் திருமேனி கறுக்கும் என்பது ஐதீகம்.

நகரம் அமைந்திருப்பதோ வைகையின் வண்டலில். திருமலை நாயக்கர் மகாலின் செங்கற்களுக்கு மண் எடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்பர். முக்குறுணி விநாயகர் கிடைத்ததும் அங்கேதான்!

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியின் குடைவரைச் சிவனையும் இங்கே நினைக்க வேண்டும். அவ்வூரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் அப்பகுதிக்கு உரியவை. ஆயினும் 2024 நவம்பரில், அதனையும் உட்கொண்ட சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மலையைப் பிளந்தால் சுனை ஏது, கண்மாய்க்கு நீர் ஏது? ஊர்மக்கள் திரண்டனர், சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி புறப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.